சிலந்தியும் அச்சமும்

ஓருயிரைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம் என்பதொன்றே அதனைக் கொல்லுதற்குப் போதிய நியாயம் ஆகுமா? இவ்வினா சிறிதாகத் தோன்றும். ஆயினும், பிள்ளைகளின் முன் நிற்கும் சைவாசிரியர் எவரும் இதனைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. வகுப்பறையின் முகட்டிலிருந்து ஒரு சிலந்தி நூலில் இறங்கி வருமாயின், பிள்ளைகள் அதனை ஒருமுறை நோக்கி, உடனே ஆசிரியரின் முகத்தை நோக்குவர். அம்முகம் யாது கூறுகின்றதோ அதுவே அன்றைய பாடம். கொல்லாமையைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் அப்பாடத்தின்முன் நில்லாது.

புலியை அஞ்சுதற்குக் காரணம் வெளிப்படை. நாகத்தை அஞ்சுதற்கும் காரணம் உண்டு. சிலந்தியோ பெரும்பாலும் விரல் நுனியளவினது. நம்மைத் தேடி வருவதன்று. நம்மைக் கண்டால் ஓடி ஒளிவது. ஆயினும் புலியைக் கண்ணாற் கண்டறியாத பிள்ளையும் சிலந்தியைக் கண்டு அலறும். அச்சத்தின் இயல்பை ஆராயப் புகுவார்க்கு இதனினும் ஏற்ற பிராணி வேறில்லை.

யான் வாழும் தலைமன்னார்ப் பகுதியில் இது வெறும் ஏட்டு வினா அன்று. புலிமுகச் சிலந்தி எனப்படும் பெருஞ்சிலந்தி வடபகுதியார் யாவரும் அறிந்ததே. அது பகலில் மரப்பொந்திலும் பட்டையிடுக்கிலும் ஒடுங்கிக் கிடக்கும். இரவில் வெளிப்பட்டு இரை தேடும். சிலவேளை வீட்டுச் சுவரிலும் ஏறும். கால்களை விரித்த நிலையில் அது ஒருவன் உள்ளங்கையை மறைக்க வல்லது. கடித்தால் கடுநோவும் தசைப்பிடிப்பும் உண்டாம். அந்நோவைத் தாங்குதல் எளிதன்று. எனினும் உயிரைப் போக்குங் கடியென மருத்துவர் கூறுவதில்லை.

இவ்வினத்துள் ஒன்று இராமேசுவரத்திலுள்ள அனுமவிலாசக் கோயிற் சோலையிற் காணப்பட்டது. ஆண்ட்ரூ சிமித் என்னும் ஆராய்ச்சியாளர் 2004 ஆம் ஆண்டில் அதனைப் புதிய இனமென நிறுவி, அக்கோயிலின் பெயரையே அதற்கு இட்டு, பொயிசிலோதேரியா அனுமவிலாசுமிக்கா என வழங்கினார். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008 இல் அதனை அற்றொழியும் ஆபத்து மிகவுடைய உயிர்களின் வரிசையிற் சேர்த்தது. இந்தியக் கரைக்கே உரியதென எண்ணப்பட்ட அவ்வுயிர் நமது மன்னாரிலும் வாழ்கின்றது என்பதை 2015 இல் இலங்கை ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். உயிருடன் பிடித்து விற்பார் கையில் இவ்வினங்கள் அழியாதிருக்க, 2019 இற் கூடிய சர்வதேச மாநாடு புலிமுகச் சிலந்தி வகை முழுவதன் வணிகத்தையும் கட்டுப்பாட்டிற்கு உட்படுத்தியது.

தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 18 மைற் கடல் உளது. 1914 ஆம் ஆண்டு முதல் நீராவிக் கப்பல் இக்கடலைக் கடந்து சென்று வந்தது. 1964 மார்கழிச் சூறாவளியில் தனுக்கோடித் துறை அழிந்தது. மனிதர் கடந்த வரலாறு இவ்வளவே. சிலந்தியின் வரலாறோ இதனினும் மிகப் பழையது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றிருப்பதினும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது என நிலநூலார் கூறுவர். அஞ்ஞான்று இவ்விரு கரைகளும் ஒரே நிலம். அந்நிலத்தின் எச்சமாகவே இச்சிலந்தி இரு கரையினும் எஞ்சியிருக்கின்றது எனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின், இக்கடல் இடையே புகுதற்கு முன்னரே இங்குக் குடியிருந்த பழங்குடி அது. அப்பழங்குடி நம் வீட்டுச் சுவரிற் றோன்றியவுடன் நாம் செய்வது யாது? விளக்குமாற்றைத் தேடுகின்றோம்.

இவ்வச்சம் இயல்பா, கற்பிக்கப்பட்டதா என்பது அடுத்த வினா. 2017 இல் செருமனி, சுவீடன் ஆகிய நாடுகளின் அறிஞர் ஆறுமாதக் குழந்தைகளுக்குப் பூக்களின் படங்களையும் சிலந்திகளின் படங்களையும் காட்டி அவற்றின் கண்மணிகளை அளந்தனர். பூவைக் கண்டபோதினும் சிலந்தியைக் கண்டபோது கண்மணிகள் மிகுதியாக விரிந்தன. எவரும் அஞ்சக் கற்பியாத பருவத்திலும் உடம்பு சிலந்தியை வேறாக அறிந்து விழிக்கின்றது என்பதே இதனாற் பெறப்படும். முற்பிறப்பின் வாசனை உயிரைத் தொடரும் எனக் கொள்ளும் நமக்கு இது வியப்பன்று. ஆயின், கண்மணி விரிதல் வேறு, வெறுப்பு வேறு. முன்னையது விழிப்பு, பின்னையது தீர்ப்பு. விழிப்பு என்னும் வித்தைப் பிள்ளை தன்னுடன் கொண்டு வருகின்றது. தீர்ப்பு என்னும் பயிரை வளர்ப்பவர் தாயும் தந்தையும் ஆசிரியருமே.

அத்தீர்ப்பு எத்துணைப் பிழைபட்டது என்பதை நமது சொல்வழக்கே காட்டும். தமிழில் சிலந்தி என்னுஞ் சொல் பிராணியையும் குறிக்கும், புண்ணையும் குறிக்கும். குடிநீர் வழியாக உடம்பிற் புகுந்து காலைத் துளைத்து வெளிப்பட்ட புழுநோயை முன்னோர் நரம்புச் சிலந்தி என்றனர். அந்நோய்க்கும் சிலந்திக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நீரை வடித்துக் குடிக்கவும், படிக்கிணறுகளில் இறங்காதிருக்கவும் மக்கள் பழகவே, இந்தியா 2000 ஆம் ஆண்டில் அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. இன்றும் காலையில் எழும்போது உடம்பிற் கோடுபட்ட கொப்புளங் கண்டால், இரவிற் சிலந்தி ஊர்ந்தது என்பார் பலர். பெரும்பாலும் அது விளக்கொளியை நாடிவரும் ஒரு சிறு வண்டு தோலில் நசுங்கியதனால் உண்டாவது. வண்டு செய்த பிழைக்குச் சிலந்தி தண்டம் பெறுகின்றது. மேலைத் தேசத்தாரும் இதற்கு விலக்கல்லர். இத்தாலியிலே தாரந்தோ நகர்ப்புறத்தார், சிலந்தி கடித்தவர் களைத்து விழுமளவும் கூத்தாடினாலன்றி உய்யார் என்று பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தனர்.

இனி, அச்சத்தை ஒருபுறம் வைத்து இவ்வுயிரை உற்று நோக்கியவர்கள் பெற்ற பேற்றைக் காண்போம். முண்டக உபநிடதம் அழிவில்லாத பொருளினின்று உலகு தோன்றுதற்குச் சிலந்தி நூலை வெளிவிட்டு மீள உள்வாங்குதலை உவமை கூறிற்று. இவ்வுவமையைக் கொண்டு, பிரமமே உலகுக்கு முதற்காரணமும் நிமித்த காரணமும் ஆம் என்பர் ஏகான்மவாதிகள். சித்தாந்தி அவ்வுவமையைத் தள்ளுவதில்லை. இன்னும் அணுகி நோக்குமின் என்கின்றான். நூல் பிறப்பது சிலந்தியின் சடமாகிய உடம்பினின்று. அதனை நூற்பது அவ்வுடம்பினுள் நின்ற உயிர். உடம்பு முதற்காரணம், உயிர் நிமித்த காரணம், இரண்டும் ஒன்றாகா. அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சிவபிரான் நிமித்த காரணம் என்பது பெறப்படும். ஒரு சிறு பிராணியின் வயிற்றினின்று புறப்பட்ட நூல் இரு பெருந் தரிசனங்களின் வாதத்திற்கு இடமாயிற்று. அஞ்சி ஓடியவர் எவரும் இவ்வாதத்தை நடத்தியிருத்தல் முடியாது.

இக்கால விஞ்ஞானமும் இதற்கு மாறன்று. சிலந்தியின் உடம்பினுள் நூல் நீர்மமாகிய புரதமாக இருக்கின்றது. வெளியே இழுக்கப்படும்போது இறுகி இழையாகின்றது. வட்டவலை பின்னும் சிலந்திகளுட் பல, பழுதுபட்ட வலையைத் தாமே உண்டு, அப்பொருளைக் கொண்டே மீளப் புதுவலை அமைக்கின்றன. உபநிடத முனிவர் கூறிய விடுதலும் ஒடுக்குதலும் கற்பனையல்ல, கண்டறிந்த செய்தி. பிள்ளைகளுக்கு இன்னும் சில கூறலாம். எட்டுக்காற் பூச்சி என நாம் வழங்கினும் சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால் ஆறு. உலகில் அறியப்பட்ட சிலந்தியினங்கள் 2022 இல் 50,000 ஐ எட்டின. அவையனைத்தும் ஓராண்டில் உண்ணும் இரை 40 கோடி முதல் 80 கோடித் தொன் வரையாகும் எனவும், அவ்விரையிற் பெரும்பகுதி பூச்சிகளே எனவும் 2017 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணித்தது. நம் பயிரைத் தின்னும் பூச்சியை உண்டு, கூலி கேளாது காவல் செய்வது இவ்வுயிர்.

நோக்கும் அச்சமும் ஒருவர் உள்ளத்திலேயே எவ்வாறு இடம் மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க நாட்டுப் பிரசங்கியாராகிய யோனத்தான் எட்வர்ட்சு என்பவர் 1723 இல், இருபது வயது இளைஞராய், சிலந்திகள் நூலை விட்டுக் காற்றில் மிதந்து செல்லும் அருமையை வியந்து நீண்டதொரு கடிதம் எழுதினார். படைத்தவன் சிற்றுயிர்க்கும் இன்பம் வைத்தான் என்பது அக்கடிதத்தின் கருத்துக்களுள் ஒன்று. 1741 இல் அவர் செய்த பெயர்பெற்ற பிரசங்கத்திலோ, நெருப்பின்மேற் பிடிக்கப்பட்ட அருவருப்பான சிலந்தியே பாவியாகிய மனிதனுக்கு உவமையாயிற்று. சிலந்தி மாறவில்லை, கூறுவார் நோக்கமே மாறியது. கேட்டோரை நடுங்கச் செய்ய வேண்டும் என்று எண்ணியவுடன், வியந்து கண்ட உயிர் வெறுக்கத்தக்கதாயிற்று. இதனை அச்சமயத்தின்மேற் குற்றங் கூறுதற்கு எழுதினேன் அல்லேன். மிஷன் பாடசாலையிற் கற்ற யான், தோல்வியுற்ற புரூசு மன்னன் விடாது நூல்கட்டிய சிலந்தியைக் கண்டு மனந் தேறிய கதையையும் அங்கேயே கேட்டேன். வால்டர் சுகொட் என்பார் 1828 இல் வெளிவந்த தம் நூலால் அக்கதையை உலகறியச் செய்தார். மன்னாரில் நம் அயலவராகிய முசுலிம்கள் ஓதும் திருக்குர்ஆனின் 29 ஆம் அத்தியாயம் சிலந்தியின் பெயரையே பெற்றது. வீடுகளுள் நொய்யது சிலந்தி வீடு என அங்கே கூறப்படுகின்றது. நபியவர்கள் ஒளிந்திருந்த குகையின் வாயிலை அந்நொய்ய நூலே மறைத்துக் காத்தது என்னும் மரபும் அவர்களிடை உண்டு. ஆகவே எச்சமயத்தார்க்கும் சிலந்தியைக் கொண்டு அச்சத்தையும் கற்பிக்கலாம், அன்பையும் கற்பிக்கலாம்.

நமது பெரியபுராணத்திற் சிலந்தி இருமுறை வருகின்றது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவார் அரியர்.

முதலாவது திருவானைக்காவில் நிகழ்ந்தது. வெண்ணாவல் மரத்தின்கீழ் எழுந்தருளிய பெருமான் திருமேனிமேற் சருகு விழாதபடி சிலந்தி நூலாற் பந்தரிட்டது. நீரும் பூவும் கொணர்ந்து வழிபட்ட யானை அந்நூலை அசுத்தம் எனக் கருதி அழித்தது. சிலந்தி மீளவும் இட்டது; யானை மீளவும் அழித்தது. சினங்கொண்ட சிலந்தி துதிக்கையினுட் புகுந்து கடிக்க, யானை துதிக்கையை நிலத்தில் மோத, இரண்டும் இறந்தன. இங்கே அன்பில்லாதார் ஒருவரும் இலர். நூல் ஒன்று, ஒருவர்க்கு அது திருப்பணி, மற்றவர்க்கு அது குப்பை. பிறிதோர் உயிரின் செயலை நம் அருவருப்பினால் அளந்தால் பூசையும் குப்பையாகத் தோன்றும் என்பதே இவ்வரலாறு காட்டும் முதல் உண்மை.

அதன் பின் நிகழ்ந்தது இன்னும் உற்று நோக்கத்தக்கது. அச்சிலந்தியே சோழர் குலத்திற் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது. முற்பிறப்பின் உணர்வு நீங்காத அவ்வரசர் நன்னிலம், வைகல் முதலிய தலங்களில் மாடக்கோயில்கள் எடுத்தார். யானை ஏறிப் புகமாட்டாதபடி உயர்ந்த தளமும் குறுகிய வழியும் உடையனவாக அவை அமைந்தன என்பது வழக்கு. ஆசிரியர்காள், சிறிது சிந்தியுங்கள். தம்மைக் கொன்ற யானையினத்தின் நினைவு அவருக்கு இருந்தது. படையும் வேலும் வேட்டுவரும் அவர் ஏவலுக்குக் காத்திருந்தனர். சோழநாட்டு யானைகளை அழிமின் என்று அவர் ஆணையிடவில்லை. வாயிலைக் குறுக்கினார், அவ்வளவே. யானை தன் காட்டில் வாழ்ந்தது. பெருமான் தம் மாடத்தில் எழுந்தருளியிருந்தார். அச்சம் ஒரு வாயிலைக் குறுக்குதற்கு நியாயம் ஆகலாம். ஓருயிரை மாய்த்தற்கு நியாயம் ஆகாது. இக்கட்டுரையின் தொடக்கத்து வினாவுக்கு அம்மாடக்கோயில்கள் கல்லால் எழுதிய விடையாக நிற்கின்றன.

இரண்டாவது திருச்சாத்தமங்கையில் நிகழ்ந்தது. திருநீலநக்க நாயனார் அயவந்தியிற் பூசை முடித்து ஐந்தெழுத்தை ஓதியிருந்தபோது சிவலிங்கத் திருமேனிமேல் ஒரு சிலந்தி விழுந்தது. உடனின்ற மனைவியார், குழந்தைமேற் சிலந்தி விழக்கண்ட தாய்போலப் பதைத்து, வாயால் ஊதி, உமிழ்நீர் படத் துமிந்து அதனைப் போக்கினார். எச்சில் பட்டது அநுசிதம் என நாயனார் அவரைத் துறந்தார். அன்றிரவு பெருமான் கனவிற் றோன்றி, அம்மையார் ஊதிய இடம் ஒழிய ஏனைய இடமெல்லாம் கொப்புளங் கொண்ட திருமேனியைக் காட்டியருளினார்.

கொப்புளம் வண்டினால் உண்டாவது என்றீரே, புராணம் பொய்யோ எனச் சில மாணவர் வினாவலாம். அவ்வினாவைக் கடிந்து அடக்குதல் ஆகாது. மக்கள் உள்ளத்தில் இருந்த அச்சத்தையே பெருமான் தம் திருமேனியில் ஏற்றுக் காட்டினார். அவ்வரலாற்றின் உயிர் கொப்புளத்தில் இல்லை. அம்மையாரின் பதைப்பில் உள்ளது. அவரும் அஞ்சினார், ஆயின் தமக்காக அஞ்சினாரல்லர். அவர் அச்சம் மற்றொருவரைக் காத்தற்கு எழுந்தது. ஆதலின் விதியைக் கடந்தும் ஏற்கப்பட்டது. அன்றியும், அவர் சிலந்தியை நசுக்கவில்லை, ஊதி அகற்றினார். அஞ்சப்பட்ட உயிரும் உய்ந்தது. அன்பு செய்யப்பட்ட திருமேனியும் காக்கப்பட்டது.

இவ்விரு வரலாற்றாலும் அச்சத்தை மூவகையாகப் பகுக்கலாம். பிறர் செயலை ஆராயாது அழிப்பிக்கும் அச்சம் ஒன்று. அஃது யானையின் அருவருப்பு. தன் அன்புக்குரிய பொருளைக் காத்து, பிறவுயிரையும் வாழவிடும் அச்சம் மற்றொன்று. அது சோழரின் குறுவாயில். தன்னை மறந்து பிறர்க்காகப் பதைக்கும் அச்சம் மூன்றாவது. அஃது அம்மையாரின் மூச்சு. முதலாவது அறியாமை, இரண்டாவது அறிவு, மூன்றாவது அன்பு. மணிவாசகப் பெருமானும் அச்சப்பத்தில் உலகோர் அஞ்சும் பலவற்றையும் எண்ணி, அவற்றுக்கு அஞ்சாத தாம் அன்பில்லாதாரைக் கண்டே அஞ்சுவதாக அருளினார். அச்சத்தை வேரறுத்தல் அவர் கருத்தன்று. அதற்குரிய இடத்தை அறிதலே கருத்து.

இங்கே ஒரு தடை எழும். நச்சுப் பல்லுடைய புலிமுகச் சிலந்தி, தொட்டிலிற் கிடக்கும் குழந்தையின் அருகே ஊர்ந்தால் தத்துவம் பேசிக் கொண்டிருத்தல் தகுமோ எனின், தகாது. அஞ்சத்தக்கதை அஞ்சுதல் அறிவுடையார் செயலென்றே வள்ளுவரும் வகுத்தார். குழந்தையை உடனே எடுத்தல் வேண்டும். சிலந்தியை வாயகன்ற கோப்பையாற் கவிழ்த்து மூடி, அடியில் தடித்த அட்டையைச் செலுத்தி, வெளியே கொண்டுபோய் மரத்தடியில் விடுதல் வேண்டும். கையாற் றொடுதல் ஒருபோதும் கூடாது; பிள்ளைகளைத் தொடவிடுதலும் கூடாது. சாளரத்திற் கம்பிவலை அடித்தல், சுவர் வெடிப்பை அடைத்தல் என்பன நமக்கு இயன்ற மாடக்கோயில்கள். வேறு வழியே இன்றி ஓருயிர் மாயுமாயின், அது வருந்தத்தக்க செயலாகவேனும் இருத்தல் வேண்டும்; பிள்ளைகள் கைகொட்டும் வேடிக்கையாதல் கூடாது.

மற்றொரு தடை இதனினும் நுண்ணியது. திருக்கோயிலில் ஒட்டடை நீக்குதலும் அலகிடுதலும் சரியைத் தொண்டன்றோ? வலையை அறுக்காமல் கோயிலைத் தூய்மை செய்வது யாங்ஙனம்? இதற்கு விடை நாம் நாடோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடத்திலேயே இருக்கின்றது. நாவலரவர்கள் சைவ வினாவிடையில் திருவலகிடும் முறையைக் கூறுமிடத்து, சிறுபிராணிகள் இறவாதபடி மெல்லிய துடைப்பங் கொண்டு செய்க என்று விதித்தார்கள். தூய்மையும் வேண்டும், அதனாற் சாவும் நேர்தல் ஆகாது. சிலந்தி தன் வலையை மீளப் பின்ன வல்லது. தன் உயிரை மீளப் பின்ன வல்லதன்று. வலையை நீக்குவோன் முதலில் அதன் உடையாளை நோக்கி, அஃது அகலும்வரை பொறுத்தல் வேண்டும். திருவானைக்காவில் யானை செய்யத் தவறியது இவ்வொன்றே.

அவ்விதியைப் பிள்ளைகள் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். அவ்வாரமே பாடசாலையைத் துப்புரவு செய்யும் நாளில், அதே பிள்ளைகள் ஈர்க்குமாற்றால் மூலைச் சிலந்திகளை அடித்துக் கொன்று எண்ணிக்கை சொல்லி மகிழ்கின்றனர். ஏட்டிலிருக்கும் விதிக்கும் கையிலிருக்கும் ஈர்க்குமாற்றுக்கும் இடையே நிற்பவர் ஆசிரியர் ஒருவரே. அவர் அங்கு நின்று, கொல்லாது அகற்றும் முறையை ஒருமுறை செய்து காட்டுவாராயின், அது பத்து ஆண்டு மனனத்தினும் மேலாம்.

புல் முதலாகப் பல பிறப்பும் பிறந்து இளைத்ததை மணிவாசகப் பெருமான் சிவபுராணத்திற் கூறினார். அவ்வழியே நாமும் வந்தோம் என்பது நம் சமயத் துணிபு. சிலந்தி அரசரானதை அப்பர் சுவாமிகளும் தேவாரத்துட் போற்றியருளினார். அதனைப் பாடமாக நடத்துவோர், வகுப்பறை மூலையில் நூல் நூற்கும் உயிரைக் காணும்போது சற்றே தாமதித்தல் முறையன்றோ? பிள்ளைகள் நம் முகத்தை நோக்கிக்கொண்டிருக்கின்றனர்.